டோஃபு சத்தே, கூடவே சூடான ரொட்டி: சனிக்கிழமை விருந்துக்கு யோசனை சொல்லுங்கள்

#1 கோடைவெயில் (டொராண்டோ)

எல்லோருக்கும் வணக்கம். அடுத்த சனிக்கிழமை வீட்டில் எட்டுப் பேருக்குச் சைவ விருந்து. அதில் ஒருவர் பால், தயிர், நெய் எதுவும் தொடாத வீகன். இருவர் முட்டை சாப்பிடமாட்டார்கள். மற்றவர்கள் எல்லாம் சாப்பிடுகிறவர்கள். அதிலும் ஒருவர் "டோஃபுவா, சரி, வந்துவிட்டுப் போகிறேன்" என்று இழுத்தார். அவரைக் குறிவைத்துத்தான் இந்த ஏற்பாடே.

நான் நினைத்திருப்பது இதுதான். குச்சியில் கோத்துச் சுட்ட டோஃபு (சோயாப் பாலில் செய்யும் கட்டி), வீட்டிலேயே போட்ட ரொட்டி, நல்ல கெட்டியான ஒரு சாறு, பச்சையாக ஏதாவது ஒன்று. டோஃபு டிக்காவும் நானும் எல்லா இடத்திலும் கிடைக்கிறது. வேறு மாதிரி செய்ய ஆசை. சத்தே, அதாவது மலேசியா, இந்தோனேசியா பக்கம் குச்சியில் கோத்துச் சுடுவது, அந்தப் பாணியில் போகலாமா என்று யோசிக்கிறேன்.

வசதிகளையும் சொல்லிவிடுகிறேன். மின்சார அடுப்பு, அவன் (பேக்கிங் அடுப்பு), ஒரு பழைய இரும்புத் தோசைக்கல். பால்கனியில் கரி அடுப்பு வைக்க எங்கள் கட்டடத்தில் அனுமதி இல்லை. நெருப்புச் சுவாலையே இல்லாத சமையலறை.

கேள்விகள்: டோஃபு உள்ளே வரை ருசியாக இருக்க என்ன வழி? குச்சியில் உடையாமல் நிற்க என்ன வழி? ரொட்டி எந்த வகை?

#2 நெய்ரோஸ்ட் (கோவை)

பனீர் வாங்குங்கள். மூன்று கேள்விக்கும் ஒரே பதில்.

#3 கோடைவெயில்

நெய்ரோஸ்ட் அண்ணா, வீகன் என்று முதல் வரியிலேயே எழுதியிருக்கிறேனே.

#4 உப்புக்கல் (சிங்கப்பூர்)

முதலில் கடையில் என்ன எடுக்கிறீர்கள் என்பதைக் கவனியுங்கள். பாதிப் பிரச்சினை அங்கேயே தீர்ந்துவிடும். மென்மையான பட்டு டோஃபு குச்சிக்கு ஆகவே ஆகாது, அது சூப்புக்கும் இனிப்புக்கும் உள்ளது. பொதியில் 'மிகக் கெட்டி' என்ற பொருளில் போட்டிருப்பதை எடுங்கள். இங்கே நாங்கள் தௌகுவா என்று சொல்வது ஏற்கெனவே அழுத்தித் தண்ணீர் எடுத்த கட்டி. உங்கள் ஊர்ச் சீனக் கடைகளில் அதுவும் கிடைக்கும். கையில் எடுத்து வளைத்தால் விரிசல் விடாமல் கொஞ்சம் வளைய வேண்டும், அதுதான் சோதனை.

சாதாரணக் கெட்டி டோஃபுதான் கிடைத்தது என்றால் உறைய வைத்து எடுங்கள். பொதியோடு அப்படியே ஃப்ரீசரில் ஒரு நாள். வெளியே எடுக்கும்போது மஞ்சளாக இருக்கும், பயப்பட வேண்டாம். உறை கலைந்ததும் பழையபடி வெள்ளையாகிவிடும். உள்ளே இருக்கும் தண்ணீர் பனிக்கட்டியாகிப் பெருத்து டோஃபுவில் சின்னச் சின்னக் குழிகளைப் போட்டிருக்கும். இரண்டு உள்ளங்கைக்கு நடுவே வைத்து மெதுவாக அழுத்தினால் தண்ணீர் தானாக ஓடிவரும். அதன் பிறகு அது ஸ்பாஞ்சுதான், எந்தச் சாறில் போட்டாலும் குடித்துக்கொள்ளும். ஜப்பானில் கோயா மலையின் பெயரிலேயே உறைய வைத்து உலர்த்திய டோஃபு ஒன்று இருக்கிறது. இது யாரோ இணையத்தில் கண்டுபிடித்த தந்திரம் இல்லை.

எட்டுப் பேருக்கு 350 கிராம் பொதி மூன்று போதும், சாறும் ரொட்டியும் இருக்கிறதல்லவா. இறைச்சி சாப்பிடுகிற அந்த நண்பருக்காக நாலாவது ஒன்று கையில் வைத்துக்கொள்ளுங்கள்.

#5 ரசவாதி (பெங்களூரு)

உறைய வைப்பதில் எனக்கு ஒரு தயக்கம் உண்டு. ருசி உள்ளே போகும், உண்மை. ஆனால் மென்று சாப்பிடும்போது அந்தக் குழிகள் பல்லில் தெரியும். சிலருக்கு அது இறைச்சி மாதிரி இருந்து பிடிக்கும், சிலருக்கு நனைந்த துணி மாதிரி இருந்து பிடிக்காது. டோஃபுவைப் பார்த்தாலே இழுக்கிற நண்பருக்கு முதல்முறை கொடுக்கும்போது இதை யோசித்துக்கொள்ளுங்கள்.

உறைய வைக்காத டோஃபுவை ராத்திரி முழுக்க மசாலாவில் ஊற வைப்பதைப் பற்றியும் ஒரு வார்த்தை. டோஃபு என்பது புரத வலையில் பிடித்து வைத்த தண்ணீர். எடையில் முக்கால் பங்குக்கும் மேல் தண்ணீர் இருக்கும் பொருள் அது. ஏற்கெனவே நிரம்பிய பாத்திரத்துக்குள் வெளியிலிருந்து எதுவும் பெரிதாகப் புகாது. உப்பு மட்டும் மெதுவாக உள்ளே போகும். மல்லி, மஞ்சள், எண்ணெய் எல்லாம் மேல்தோலோடு நின்றுவிடும். எண்ணெய் சேர்த்த மசாலாவை முதலிலேயே தடவினால் உப்பு போகும் வழியையும் அடைத்தது மாதிரி ஆகும்.

அதனால் இரண்டு கட்டமாகச் செய்யுங்கள். முதலில் வெறும் உப்புத் தண்ணீர். நன்றாகக் கொதிக்கும் தண்ணீரில் தாராளமாக உப்புப் போட்டு, வெட்டிய துண்டுகள் மேல் ஊற்றிக் கால் மணி நேரம் விட்டு, வடித்துத் துணியில் ஒற்றி எடுங்கள். சூட்டில் புரதம் இறுகி மேற்பரப்புத் தண்ணீர் வெளியே வரும், உப்பும் ஏறும். மேல்பக்கம் காய்ந்துவிடுவதால் பிற்பாடு நன்றாகச் சிவக்கும். அதற்குப் பிறகுதான் எண்ணெய் மசாலா. அதற்கு அரை மணி நேரம் போதும், ராத்திரி முழுக்க வைத்தாலும் வித்தியாசம் தெரியாது.

மேல்தோல்தான் ருசியைச் சுமக்கிறது என்றால் அதைக் கூட்டுவதுதான் வழி. கனசதுரமாக வெட்டாமல் 2 சென்டிமீட்டர் தடிமனில் நீளப் பட்டைகளாக வெட்டி, இரு பக்கமும் கத்தி நுனியால் குறுக்கும் நெடுக்கும் லேசாகக் கீறிவிடுங்கள். மசாலா அந்தக் கீறலில் தங்கும், அங்கேதான் முதலில் கருகி மணக்கும்.

#6 உப்புக்கல்

தௌகுவாவுக்கு நீங்கள் சொல்வது சரி. பொதி டோஃபுவுக்கு உறைய வைப்பதை விட்டுக்கொடுக்க மாட்டேன். நனைந்த துணி மாதிரி ஆவது சரியாகப் பிழியாததால். பிழிந்த பிறகு சோயா சாஸ் கலந்த தண்ணீரில் ஊறப்போட்டு, மறுபடி லேசாக அழுத்திவிட்டு மசாலா தடவினால் உள்ளே வரை உப்பும் ருசியும் இருக்கும், ஈரமும் அளவாக இருக்கும்.

கோடைவெயில், உங்களால் இரண்டு வகையும் செய்ய முடியுமென்றால் பாதிப் பாதி செய்யுங்கள். விருந்தில் எது முதலில் தீர்கிறது என்று இங்கே வந்து சொல்லுங்கள், எங்கள் சண்டை முடிந்துவிடும்.

#7 பினாங்குக்காரன்

சத்தே என்ற சொல்லைப் பார்த்ததும் உள்ளே வந்துவிட்டேன்.

சத்தேயின் மசாலாவும் டிக்காவின் மசாலாவும் ஒன்றில்லை. இங்கே தயிர் இல்லை, கரம் மசாலா இல்லை. எலுமிச்சைப் புல்லின் அடித்தண்டு, பேரரத்தை, சின்ன வெங்காயம், மஞ்சள், மல்லி, கொஞ்சம் சோம்பு, உப்பு, சர்க்கரை. இதை அரைத்து எண்ணெயில் குழைத்துத் தடவுவது. பால் பொருள் எதுவும் இல்லாததால் உங்கள் வீகன் நண்பருக்குத் தனியாக எதுவும் செய்ய வேண்டாம். பேரரத்தை கிடைக்காவிட்டால் இஞ்சியைப் பாதி அளவு போடுங்கள். மணம் வேறுதான், கெடுக்காது.

சர்க்கரை விஷயத்தில் கவனம். கரி நெருப்பில் விசிறியபடி திருப்பித் திருப்பிச் சுடுகிறவர்களுக்கு அது கைவசம் இருக்கும். அவனில் மேல் சூட்டில் சுடும்போது மசாலாவில் சர்க்கரை கூடினால் டோஃபு சிவப்பதற்குள் மசாலா கருகிவிடும். மசாலாவில் ஒரு சிட்டிகை போதும். முக்கால் பதம் வெந்த பிறகு இந்தோனேசியாவின் கெச்சாப் மானிஸ், அதாவது அந்தக் கெட்டியான இனிப்பு சோயா சாஸ், அதை மேலே தடவுங்கள். கிடைக்காவிட்டால் சோயா சாஸில் கருப்பட்டியைப் போட்டுப் பாகு மாதிரி கொதிக்க வைத்தால் அதற்கு வெகு அருகில் வரும். தடவத் தூரிகை தேட வேண்டாம். எலுமிச்சைப் புல்லின் தண்டு நுனியைத் தட்டி நார் பிரித்தால் அதுவே தூரிகை. எண்ணெயில் தொட்டுத் தடவத் தடவ வீடே மணக்கும்.

கச்சான் (நிலக்கடலை) சாறுதான் முக்கியம், டோஃபு கூட இரண்டாம்பட்சம். எட்டுப் பேருக்கு 250 கிராம் கச்சான் வறுத்துத் தோல் நீக்கிக் கொரகொரப்பாகப் பொடித்துக்கொள்ளுங்கள். மாவாக அரைத்தால் போச்சு. ஊற வைத்த வறமிளகாய் 12, சின்ன வெங்காயம் 10, பூண்டு 4 பல், எலுமிச்சைப் புல் 2 தண்டு, பேரரத்தை ஒரு துண்டு, இவற்றை நைசாக அரைத்துத் தாராளமான எண்ணெயில் மிதமான தீயில் வதக்க வேண்டும். எண்ணெய் பிரிந்து மேலே மிதக்கும் வரை அவசரமே கூடாது. நம் அம்மாமார் குழம்புக்குச் சொல்கிற அதே பதத்தை மலாய்க்காரர்கள் 'பெச்சா மிஞ்யாக்' என்பார்கள். இந்த இடத்தில் பொறுமை இல்லாவிட்டால் சாறு முழுக்கப் பச்சை வெங்காய வாடை அடிக்கும். பிறகு நெல்லிக்காய் அளவு புளியின் கரைசல், பனை வெல்லம், உப்பு, இரண்டு கப் தண்ணீர், கடைசியாகக் கச்சான். கொதித்துத் தடித்ததும் இறக்குங்கள்.

கடையில் விற்கிற கடலை வெண்ணெயைத் தண்ணீரில் கரைத்து 'சத்தே சாஸ்' என்று எழுதியிருக்கும் குறிப்புகளைத் தயவுசெய்து திறக்கவே வேண்டாம்.

#8 நெய்ரோஸ்ட்

எல்லாம் சரி, சத்தேக்கு ரொட்டி எங்கிருந்து வந்தது? எனக்குத் தெரிந்து அதற்கு அரிசிக் கட்டிதான் வைப்பார்கள். ஜாவாக் குச்சி, சீனக் கட்டி, நம்மூர் ரொட்டி, கனடா அடுப்பு. இதற்குப் பெயர் ஃபியூஷனா, குழப்பமா?

#9 பினாங்குக்காரன்

அண்ணனுக்கு விஷயம் தெரிகிறது. ஆமாம், சத்தேயோடு வருவது கெத்துப்பாட் என்கிற அந்த அரிசிக் கட்டி, வெள்ளரித் துண்டு, பச்சை வெங்காயம். ரொட்டி சானாய்க்கு, அதாவது இங்கத்திய பரோட்டாவுக்கு, பருப்புக் கறி. இரண்டையும் ஒரே தட்டில் வைப்பது இங்கே வழக்கமில்லை, ஒத்துக்கொள்கிறேன்.

ஆனால் டோஃபுவும் கச்சான் போட்ட காரச் சாறும் நம் ஆட்கள் கையில் சேர்ந்து ரொம்பக் காலமாகிவிட்டது. பினாங்கில் பசெம்பூர் என்று தமிழ் முஸ்லிம் கடைகளில் விற்பார்கள். சிங்கப்பூரில் அதன் சகோதரன் இந்தியன் ரோஜாக். பொரித்த டோஃபு, உருளைக்கிழங்கு, மாவில் தோய்த்துப் பொரித்தவை, துருவிய வெள்ளரி, இவற்றின் மேல் சிவப்பாக, இனிப்பும் காரமுமாக ஒரு சாறு. அதில் கச்சானோடு சர்க்கரைவள்ளிக் கிழங்கையும் மசித்துச் சேர்ப்பார்கள், அந்தக் கெட்டித் தன்மையே கிழங்கில் இருந்து வருவது. இறால் வடை போன்றவற்றை விட்டுவிட்டால் அது கிட்டத்தட்ட சைவத் தட்டுதான்.

சொல்லப்போனால் மிளகாயும் நிலக்கடலையும் அமெரிக்கக் கண்டத்தில் இருந்து கப்பலில் வந்தவை. கோவைக் கடலை மிட்டாயும் அந்தக் கணக்கில் ஃபியூஷன்தான் அண்ணே.

கோடைவெயில், இதில் உங்களுக்கு ஒரு பயன் இருக்கிறது. நான் மேலே சொன்ன சாறில் கடலையை 150 கிராமாகக் குறைத்து, நடுத்தர அளவில் ஒரு சர்க்கரைவள்ளியை வேகவைத்து மசித்துச் சேருங்கள். சத்தே சாறு கொஞ்சம் எண்ணெயாக, பாரமாக இருக்கும். சோற்றுக் கட்டி அதைத் தாங்கும், மைதா ரொட்டி தாங்காது, இரண்டு கடிக்கே திகட்டிவிடும். கிழங்கு சேர்த்தால் சாறு ரொட்டியில் ஒட்டும், வழியாது, வயிற்றையும் அடைக்காது.

#10 கோடைவெயில்

இது எனக்கு முன்னால் தோன்றவே இல்லை. சர்க்கரைவள்ளியை இந்த வாரமே தனியாகச் செய்து பார்க்கிறேன். சாறு விஷயம் தீர்ந்தது. இப்போது ரொட்டிக்காரர்கள் யாராவது வாருங்கள்.

#11 தேங்காய்ப்பூ (யாழ்ப்பாணம்)

எங்கட பக்கத்து ரொட்டியை ஒருக்கால் யோசியுங்கோ. கோதுமை மா இரண்டு கப், தேங்காய்ப்பூ (துருவிய தேங்காய்) ஒரு கப், உப்பு, பொடியாக வெட்டின பச்சை மிளகாயும் வெங்காயமும், பிசையத் தண்ணீர். அவ்வளவுதான். ஈஸ்ட் இல்லை, தயிர் இல்லை, பொங்கும் வரை காத்திருக்க வேண்டாம். கையால தட்டித் தோசைக்கல்லில் இரண்டு பக்கமும் புள்ளி விழச் சுட்டு எடுக்கலாம். மின்சார அடுப்புக்கு இதைவிடச் சுகமான ரொட்டி இல்லை. தேங்காயும் கச்சானும் ஒன்றோடொன்று நல்லாய்ச் சேரும். வீகன் ஆளுக்கும் பிரச்சினை இல்லை.

உறைந்த தேங்காய்ப்பூ டொராண்டோத் தமிழ்க் கடைகளில் தாராளமாகக் கிடைக்கும். நன்றாக உறை கலைந்து சூடு ஏறின பிறகு மாவில் போடுங்கோ. குளிராகப் போட்டால் மா விறைத்து வெடிக்கும்.

ஒன்று மட்டும் முன்கூட்டியே சொல்லிப்போட வேணும். அது மடியாது. டோஃபுவை உள்ளே வைத்துச் சுருட்டிச் சாப்பிடுகிற எண்ணம் இருந்தால் இது சரிவராது. பிய்த்துச் சாறில் தொட்டுச் சாப்பிடத்தான்.

#12 மாவுக்கை (மதுரை)

தேங்காய்ப்பூ அக்கா சொன்ன ரொட்டி எனக்கும் பிடிக்கும். ஆனால் விருந்தில் குச்சியைத் தட்டில் வைத்தால் எல்லோரும் செய்கிற முதல் வேலை ரொட்டிக்குள் குச்சியை வைத்து மூடி, அப்படியே உருவுவதுதான். அதற்கு மடிகிற ரொட்டி வேண்டும்.

பரோட்டா வேண்டாம். வீசிப் பழக்கம் இருந்தாலும் எட்டுப் பேருக்கு வீசிக்கொண்டே டோஃபுவையும் பார்க்க முடியாது. எண்ணெயும் கூடுதல், சாறிலும் எண்ணெய் இருக்கிறது. கடை நானும் வேண்டாம், அதில் பாலும் சிலவற்றில் முட்டையும் இருக்கும்.

ஈஸ்ட் போட்ட எளிய மாவு போதும். மைதா 500 கிராம், உலர் ஈஸ்ட் 7 கிராம், உப்பு இரண்டு சிறுகரண்டி, சர்க்கரை ஒரு சிறுகரண்டி, எண்ணெய் இரண்டு மேசைக்கரண்டி, வெதுவெதுப்பான தண்ணீரும் தேங்காய்ப் பாலும் சரிபாதியாகக் கலந்து 300 மில்லி. நான் வீட்டில் தயிர் ஊற்றுவேன். உங்களுக்காகத்தான் தேங்காய்ப் பால். அதன் கொழுப்பு ரொட்டியை ஆறின பிறகும் மெதுவாக வைத்திருக்கும். கையில் லேசாக ஒட்டுகிற பதத்தில் பத்து நிமிடம் பிசைந்து, மூடி, இரட்டிப்பாகும் வரை வையுங்கள். 80 கிராம் உருண்டையாகப் பத்து வரும். எட்டுப் பேருக்குத் தலைக்கு இரண்டு என்றால் 800 கிராம் மாவாகப் போட்டு மற்றதையும் அந்தக் கணக்கில் கூட்டிக்கொள்ளுங்கள். ஈஸ்ட்டை மட்டும் கூட்ட வேண்டாம், ஒரே பொதி போதும், கால் மணி நேரம் கூடுதலாகக் காத்திருந்தால் சரி.

உருட்டியதும் இன்னொரு கால் மணி நேரம் துணி போட்டு ஓய்வு கொடுங்கள். இதை விட்டுவிட்டால் கட்டையால் தேய்க்கத் தேய்க்க மாவு சுருங்கிக்கொண்டே இருக்கும், உங்களுக்குத்தான் கோபம் வரும்.

சுவாலை இல்லாத அடுப்புக்கு: தோசைக்கல்லை நடுத்தரத்துக்கு மேல் சூட்டில் பத்து நிமிடம் காய விடுங்கள். எண்ணெய் தடவ வேண்டாம். ரொட்டியைப் போட்டதும் மேலே குமிழி வரும். ஒரு நிமிடத்தில் திருப்பி, இன்னொரு நிமிடம். கல் சூடாக இல்லாவிட்டால் குமிழி வருவதற்குள் தோல் காய்ந்து அப்பளமாகிவிடும். எடுத்ததும் பருத்தித் துணிக்குள் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி மூடுங்கள். சொந்த ஆவியிலேயே மெதுவாகும். தட்டில் தனித்தனியாகப் பரப்பி வைப்பவர்களைக் கண்டால் எனக்கு ஆகாது.

#13 ரசவாதி

மாவுக்கை சொன்னதில் ஒரு திருத்தம், அவர் தவறு அல்ல, ஊர் வித்தியாசம். கனடாவில் சாதாரணமாக விற்கும் வெள்ளை மாவு கெட்டிக் கோதுமையில் அரைப்பது. புரதம் நம்மூர் மைதாவைவிடக் கூடுதல். தண்ணீரும் கூடக் குடிக்கும். 500 கிராமுக்கு 300 மில்லியில் தொடங்குங்கள், இறுக்கமாகத் தெரிந்தால் 20, 30 மில்லி சேர்க்கத் தயங்க வேண்டாம்.

#14 கோடைவெயில்

மாவை முந்தின நாள் ராத்திரியே பிசைந்து ஃப்ரிட்ஜில் வைக்கலாமா? சனிக்கிழமை காலையில் பிள்ளைக்கு நீச்சல் வகுப்பு.

#15 மாவுக்கை

தாராளமாக. குளிரில் மெதுவாகப் பொங்கும், ருசியும் கூடும். ஈஸ்ட்டைப் பாதியாகக் குறைத்துக்கொள்ளுங்கள், பெரிய பாத்திரத்தில் வையுங்கள். சுடுவதற்கு ஒன்றரை மணி நேரம் முன்னால் வெளியே எடுத்துவிட வேண்டும்.

#16 பொடிமசால் (திருச்சி)

நான் சைவக் குடும்பத்தில் பிறந்து வெளிநாட்டில் பல வருடம் இருந்தவள். பொருள் வாங்கும்போது ஏமாறும் இடங்களைச் சொல்கிறேன். கச்சான் சாறு கடையில் போத்தலில் வாங்கினால் அதில் பெலாச்சான், அதாவது இறால் விழுது இருக்கலாம். தாய்லாந்துக் கறி விழுதிலும் அப்படியே. கிம்ச்சி (கொரிய ஊறுகாய்) வைத்தால் அழகாக இருக்கும் என்று யாராவது சொல்வார்கள். வழக்கமான கிம்ச்சியில் மீன் சாறோ உப்பிட்ட இறாலோ உண்டு, சைவம் என்று தனியாகப் போட்டதைத்தான் வாங்க வேண்டும். வூஸ்டர் சாஸில் நெத்திலி. கெச்சாப் மானிஸில் பொதுவாகப் பிரச்சினை இல்லை, இருந்தாலும் பின்பக்கம் படித்துவிடுங்கள்.

பெலாச்சான் போடாத சாறில் அந்த ஆழம் குறையுமே என்று பினாங்குக்காரன் தம்பி கேட்பார். இரண்டு உலர்ந்த ஷிட்டாக்கே காளானை ஊற வைத்து மிளகாயோடு அரைத்துப் பாருங்கள். ஒரு கரண்டி மிசோவும் (ஜப்பானியச் சோயா விழுது) அந்த வேலையைச் செய்யும். அப்போது உப்பைக் குறைக்க வேண்டும்.

இன்னொன்று, எல்லாவற்றையும்விட முக்கியம்: வருகிற எட்டுப் பேரில் யாருக்காவது நிலக்கடலை ஒவ்வாமை உண்டா என்று இன்றைக்கே கேளுங்கள். இருந்தால் சாறைத் தனியாகச் செய்து ஓரமாக வைப்பது எல்லாம் சரிவராது. வீட்டில் கடலையே எடுக்காதீர்கள். பொட்டுக்கடலையை வறுத்துப் பொடித்துப் போடலாம், தடிப்பது அதிகம் என்பதால் பாதி அளவே போதும். கூட ஒரு கரண்டி எள் அரைத்துச் சேர்த்தால் எண்ணெய்ப்பதமும் வரும், எள்ளுக்கும் ஒவ்வாமை இல்லை என்று கேட்டுக்கொண்டு. டோஃபு சோயா, சோயா சாஸில் கோதுமை. இவையும் சிலருக்கு ஆகாது.

#17 பினாங்குக்காரன்

அக்கா முந்திக்கொண்டார். காளான் யோசனை அருமை.

#18 புதியவன்88

சோயா சாப்பிட்டால் ஆண்களுக்கு ஹார்மோன் கோளாறு வரும் என்கிறார்களே, விருந்தில் இதைக் கொடுக்கலாமா?

#19 ரசவாதி

சோயாவில் இருக்கும் ஐசோஃபிளேவோன்கள் ஆண்களின் டெஸ்டோஸ்டிரோனைக் குறைப்பதில்லை என்றுதான் பல ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்தவர்கள் சொல்கிறார்கள். ஒரு வேளை விருந்துக்கு இந்தக் கவலையே வேண்டாம். கவனிக்க வேண்டியது வேறு. தைராய்டு மாத்திரை எடுப்பவர்களுக்கு மாத்திரையும் சோயாவும் ஒரே நேரத்தில் சேர்ந்தால் மருந்து உடலில் ஏறுவது குறையலாம், இடைவெளி விடச் சொல்வார்கள். காலையில் மாத்திரை போட்டு ராத்திரி விருந்து சாப்பிடுகிறவருக்கு அதிலும் சிக்கல் இல்லை. மருத்துவக் கேள்விகளுக்கு இங்கே வேறு இழை இருக்கிறது, அங்கே தொடரலாம்.

#20 உப்புக்கல்

குச்சியைப் பற்றி யாரும் பேசவில்லை. மூங்கில் குச்சியை அரை மணி நேரம் தண்ணீரில் போடுங்கள். அப்படியும் அவனின் மேல் சூட்டில் நுனி கருகத்தான் செய்யும். கோத்த பிறகு பிடிக்கும் பக்கத்தை மட்டும் அலுமினியத் தாளால் மூடிவிடுங்கள்.

ஒரே குச்சியில் கோத்தால் திருப்பும்போது குச்சி மட்டும் சுற்றும், டோஃபு அப்படியே நிற்கும். விரல் அகல இடைவெளியில் இரண்டு குச்சியை இணையாகச் செருகுங்கள். ரசவாதி சொன்ன நீளப் பட்டைக்கு இது கச்சிதம். தட்டையான இரும்புக் கம்பி இருந்தால் ஒன்றே போதும். துண்டுகளுக்கு நடுவே குடைமிளகாய், வெங்காயம் என்று நெருக்கிக் கோக்காதீர்கள். காய்கறி விடுகிற தண்ணீரில் டோஃபு வேகும், சிவக்காது. காய்கறிக்குத் தனிக் குச்சி போடுங்கள்.

மேல் சூட்டை முழுதாக வைத்து, தட்டையும் உள்ளே வைத்து முதலிலேயே காய விடுங்கள். சூட்டுக் கம்பியில் இருந்து ஒரு சாண் கீழே தட்டு. கோத்ததன் மேல் எண்ணெய் தடவி, சூடான தட்டில் வைத்து ஆறேழு நிமிடம், திருப்பி நாலைந்து நிமிடம், கெச்சாப் தடவி இன்னும் ஒரு நிமிடம். ஒட்டியிருந்தால் இழுக்க வேண்டாம். சிவந்ததும் தானாக விடும். கதவருகே நின்று பார்த்துக்கொண்டே இருங்கள், கடைசி ஒரு நிமிடத்தில் கைபேசியை எடுத்தால் கரிதான். ஜன்னலைத் திறந்து வையுங்கள், அடுக்ககத்தில் புகை மணி சீக்கிரம் அடிக்கும்.

#21 நெய்ரோஸ்ட்

இவ்வளவு படித்த பிறகு எனக்கே பசிக்கிறது. என் பங்குக்கு ஒன்று. தட்டில் எல்லாம் கெட்டியும் இனிப்புமாக இருக்கிறது, பச்சையாக ஒன்று வேண்டும் என்று முதலிலேயே கேட்டீர்கள், அதற்கு யாரும் பதில் சொல்லவில்லை. வெள்ளரி, பச்சை மாங்காய், சின்ன வெங்காயம், மூன்றையும் மெல்லியதாக நறுக்கி, உப்பும் எலுமிச்சைச் சாறும் ஒரு கீறிய பச்சை மிளகாயும் போட்டுப் பிசிறி வையுங்கள். அன்னாசி கிடைத்தால் நாலு துண்டு. சாப்பிடுவதற்கு அரை மணி நேரம் முன்னால்தான், இல்லாவிட்டால் தண்ணீர் விட்டுவிடும்.

பனீர் பற்றிய என் கருத்தில் மாற்றமில்லை.

#22 கோடைவெயில்

அண்ணா, உங்களுக்காகப் பனீரும் ஒரு குச்சி போடுகிறேன், படம் அனுப்புகிறேன்.

எல்லோரையும் கேட்டாயிற்று, கடலை ஒவ்வாமை யாருக்கும் இல்லை. இப்போதைய திட்டம் இப்படி. வியாழன் டோஃபு இரண்டு பொதி ஃப்ரீசருக்கு, தௌகுவா இரண்டு கட்டி ஃப்ரிட்ஜுக்கு. வெள்ளி மாலை சர்க்கரைவள்ளி போட்ட கச்சான் சாறு, காளான் சேர்த்து. ராத்திரி தேங்காய்ப் பால் மாவு. சனி மதியம் டோஃபு பிழிந்து, தௌகுவாவுக்கு வெந்நீர் உப்பு, பிறகு மசாலா. ஐந்தரைக்கு ரொட்டி முழுவதும் சுட்டுத் துணியில். ஆறு மணிக்கு மேல் டோஃபு, கடைசியாக, தட்டில் நேராகப் போகிற மாதிரி. தேங்காய் ரொட்டியும் நாலு போடப் போகிறேன், தொட்டுச் சாப்பிட. தேங்காய்ப்பூ அக்கா, அதற்கு மாவை எவ்வளவு நேரம் வைக்க வேண்டும்?

#23 தேங்காய்ப்பூ

வைக்கவே வேண்டாம். குழைத்துப் பத்து நிமிடம் மூடிப்போட்டுத் தட்டுங்கோ. கூட நேரம் வைத்தால் வெங்காயம் தண்ணி விட்டு மா இளகிப்போகும்.

#24 பினாங்குக்காரன்

ஒன்றை மட்டும் மாற்றுங்கள். சாறை வெள்ளியே செய்வது நல்லதுதான், ஒரு நாள் கழித்துத்தான் ருசி கூடும். ஆனால் ஃப்ரிட்ஜில் இருந்து எடுக்கும்போது கிழங்கும் கடலையும் சேர்ந்து களி மாதிரி இறுகியிருக்கும். அப்படியே மைக்ரோவேவில் சூடாக்கினால் எண்ணெய் தனியே பிரிந்துவிடும். அடுப்பில் சின்னத் தீயில் வெந்நீர் கொஞ்சம் கொஞ்சமாக ஊற்றிக் கிளறிக்கொண்டே இளக்குங்கள். புளியை வெள்ளிக்கிழமை பாதி போட்டு, மீதியை அப்போது ஊற்றிச் சரிபாருங்கள். கரண்டியின் பின்பக்கம் பூசி நிற்கிற பதம் வந்தால் போதும், தட்டுக்குப் போவதற்குள் இன்னும் கொஞ்சம் இறுகும்.